திருவோணம் முடிகிற நேரம்

பிச்சையம்மாள் தறிக்கு அடியில் கிடந்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்தாள். மகள் சண்முகத்தாய் அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, துணியை அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டாள். முப்பது வருஷம் அந்தத் துணியை நெய்து ஊர் ஊராக அனுப்பிய சுயம்புலிங்கத்துக்கு அதில் ஒரு கட்டு விழுந்தது அன்றைக்குத்தான்.

அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிய வைகுண்டராஜ், வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடி இல்லாததால் தாளைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"மதினி, உயிரு எத்தன மணிக்குப் போச்சு?"

"எனக்குத் தெரியலயே. ஒண்ணரைக்கு எட்டிப் பாக்கும்போது மூச்சு இருந்துச்சு. தறியில நின்னேன். கரண்டு போகவும் தண்ணி பிடிக்கப் போயிட்டேன். குடத்தோட வந்தா, இவ கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டேகால் இருக்கும்."

"ஒண்ணு அம்பத்திரெண்டு வரைக்கும் திருவோணம். அதுக்கு மேல அவிட்டம்."

பிச்சையம்மாளின் கை அப்படியே நின்றது.

அவிட்டத்தில் இறந்தால் அடைப்பு. உயிர் போன வீட்டை ஆறு மாதம் பூட்டிவைக்க வேண்டும். பெரிய வீடு என்றால் ஓர் அறையைப் பூட்டினால் போதும். இது இரண்டே பத்தி உள்ள வீடு. முன்பத்தியில் தறி, பின்பத்தியில் கட்டில், நடுவில் ஒரு மரத்தட்டி. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். வாசலைப் பூட்டினால் தறியும் உள்ளே போய்விடும். நூல் கொடுக்கிறவர் இரண்டு வாரம் பொறுப்பார். அதற்குமேல் வேறு தறியைப் பார்த்துக்கொள்வார்.

"என்ன மதினி யோசிக்கிய? ஆறு மாசம் எங்க வீட்ல இருங்க. நான் சோறு போட மாட்டனா?"

"நீங்க போடுவிய தம்பி. நான் உக்காந்து திங்கணும்லா" என்றாள் பிச்சையம்மாள்.

வைகுண்டராஜ் சண்முகத்தாயிடம் திரும்பினார். "தாயி, நீதான பக்கத்துல இருந்த. நீதான் சொல்லணும். ஆமதாபாத்துல நிலாக்கல்லுக்கே வயசு சொல்லுதியாம், உங்கப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இது ஒரு மணி நேரக் கணக்குத்தான?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்பினார்.

போன வாரம் இதே கட்டிலில் கிடந்தபடி அப்பாவும் அதைத்தான் கேட்டார். பஞ்சுத்தூசி அடைத்த நெஞ்சில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "அது எப்படிட்டி வயசு தெரியும்? கல்லுல எழுதியா இருக்கு?"

அவள் சொன்னாள். நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லில் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்தது சுண்டுவிரல் நகம் அளவு. அது ஒரு காலத்தில் பாறைக்குழம்பாக ஓடியது. குழம்பாக இருக்கும்போது உள்ளே இருக்கும் வாயு வெளியே போய்விடும். குழம்பு ஆறி இறுகிய பிறகு, கல்லில் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு துளிப் பங்கு மெல்ல மெல்ல ஆர்கான் என்ற வாயுவாக மாறுகிறது. மாறுகிற வேகம் நமக்குத் தெரியும். வாயு வெளியேற வழி இல்லை, உள்ளேயே சேர்கிறது. கல்லைச் சூடாக்கி, வெளியே வருவதை அளந்தால், இறுகி எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லலாம். அந்தக் கல்லுக்கு முந்நூற்று எழுபது கோடி வருஷம்.

"நம்ம ஊர்க் கல்லுல பாத்தா ஆவாதா?"

"இங்க மழையும் காத்தும் கல்ல அரிச்சுப்புடும்பா. அங்க தண்ணியும் இல்ல, காத்தும் இல்ல. கெடந்தது கெடந்தபடியே கெடக்கு. பூமி சின்னப்பிள்ளையா இருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு இங்க அழிஞ்சு போச்சு. அங்க இருக்கு."

"சரியா முந்நூத்தி எழுவதா?"

"நாலு கோடி முன்னப் பின்ன இருக்கலாம்."

சிரிப்பு வந்து அது இருமலாகிவிட்டது. "நாலு கோடி வருசம் முன்னப் பின்னயா! நான் நாலு இஞ்சு கொறச்சு நெய்தா முதலாளி துணியத் தூக்கி மூஞ்சியில எறியுதான்."

முன்னப் பின்ன என்று சேர்க்காமல் அவள் எந்த எண்ணையும் எழுதியதில்லை. ஆனால் இன்றைக்கு அவளிடம் இருந்த எண்ணுக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு மணி ஆறு நிமிஷம். மூச்சு நின்றதும், ஆய்வுக்கூடத்துப் பழக்கத்தில், கை தானாகத் திரும்பிக் கடிகாரத்தைக் காட்டியிருந்தது.

தினமும் போகிற மாதிரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருவில் இருந்த தறி எல்லாம் ஒன்றாக நின்றன. அந்தத் திடீர் அமைதியில் அப்பா கண்ணைத் திறந்தார். "தறி ஏன் நின்னுட்டு? உங்கம்மைக்கு என்ன?" என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். "கரண்டு போயிருச்சுப்பா. அம்மா நல்லாத்தான் இருக்கா, தண்ணி பிடிக்கப் போயிருக்கா" என்றாள். "ம்" என்றார். அதன் பிறகு மூன்று மூச்சு.

"சொல்லு தாயி" என்றார் சித்தப்பா.

"ஒண்ணே முக்கால்."

"நிச்சயமா?"

"வாட்ச்சப் பாத்தேன் சித்தப்பா."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டு இருளம்மாள் உள்ளே தலையை நீட்டினாள். "கரண்டு போன பொறவு இங்கன பேச்சுச் சத்தம் கேட்டுச்சே? நான் சன்னல்கிட்டதான் நூல் சுத்திக்கிட்டு இருந்தேன்."

சண்முகத்தாய் வாசல் பக்கம் திரும்பினாள். "நான்தான் அத்தை. அப்பாவ எழுப்பிப் பாத்தேன்."

இருளம்மாள் அவளைப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். பிச்சையம்மாளின் முகத்தையும் பார்த்தாள். "ஆமா. பொம்பளக் குரல்தான்" என்றாள்.

வைகுண்டராஜ் விடவில்லை. "ஒண்ணே முக்காலுக்குப் போயிருச்சுன்னா அம்மைய அப்பமே ஏன் கூப்பிடல? தட்டிக்கு அந்தப் பக்கம்தான நின்னா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கட்டிலுக்கு மேலே ஓர் ஈ சுற்றியது. அதை விரட்டினாள்.

"நாடி இல்ல. எனக்குத் தெரிஞ்சிருச்சு. அம்மா வேல பாத்துக்கிட்டு இருந்தா. நிறுத்தச் சொல்ல மனசு வரல."

பிச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

வைகுண்டராஜ் காலண்டர் தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப திருவோணம். அடைப்பு இல்ல. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்." குரலில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு ஆள் சொல்லப் போனார்.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்து, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இருளம்மாள் சோறும் ரசமும் கொண்டுவந்து, இரண்டு இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

பிச்சையம்மாள் சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை.

"ஏட்டி."

"என்னம்மா?"

"கடேசியா ஏதாச்சும் சொன்னாவளா?"

சண்முகத்தாய் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒண்ணே முக்காலுக்குப் போன மனிதர் கரண்ட் போனதைப் பற்றிக் கேட்டிருக்க முடியாது. அம்மாவிடம் மட்டும் சொல்லலாம். சொன்னால் அம்மா இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுக்க மாட்டாள். அவளே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவாள்.

"இல்லம்மா."

"என்னப் பத்திக்கூட ஒண்ணும் கேக்கல?"

"உறக்கத்துலயே போயிட்டாவ."

பிச்சையம்மாள் தலையை ஆட்டினாள். "அவியளுக்கு எப்பவும் பேச்சு கம்மிதான். எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன இருக்கு" என்றாள்.

சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். ஒரு கவளத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வறட்டுச் சோத்த எப்படித் திம்ப?" பிச்சையம்மாள் ரசச்சட்டியை இரண்டு கையாலும் தூக்கி மகளுடைய இலையில் ஊற்றினாள். அதிகமாக விழுந்துவிட்டது. ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு இலையின் ஓரத்துக்கு ஓடியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கையை வைத்து அணைத்தார்கள்.