மூலை நாற்காலி

மருத்துவமனையில் அம்மாவின் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்த மோதிரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அவள் உடலைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, மகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தயாரிப்பாளர் மாலையோடு வந்தார். மாலையை வைத்தார், கண்ணை மூடி நின்றார். கண்ணைத் திறந்ததும் பார்வை நேராக மோதிரத்துக்குப் போனது.

மூன்று சிவப்புக் கல்லில் ஒன்று விழுந்து, அந்தக் குழியில் அரக்கு அடைத்த மோதிரம். அம்மாவே எழுதி, அம்மாவே நடித்த மர்ம நாடகத்தில் கொலைகாரி போட்டிருப்பது. அந்த நாடகத்தைத்தான் இப்போது படமாக எடுக்கிறார்கள். அதிலும் அம்மாவுக்கு அதே வேஷம், அதே மோதிரம்.

நாடகத்தின் சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. மேடையின் ஒரு பக்கம் அண்ணனும் தம்பியும் சொத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். எதிர்மூலை நாற்காலியில் வாய் பேசாத அத்தை, அத்தனை பேருக்கும் முன்னால், நிதானமாகக் காபியில் விஷத்தைக் கலப்பாள். ஒருவர்கூடக் கவனித்ததில்லை. விளக்குக்காரரான அப்பா ஒருமுறை மூலை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். அன்று அம்மா பிடித்த பிடியை அவர் மறக்கவே மாட்டார்.

"இருட்டுல செஞ்சா அது ஏமாத்துங்க. பட்டப்பகல் மாதிரி இருக்கணும். பார்க்காதது அவங்க தப்பா இருக்கணும்."

படத்துக்கு மகள்தான் எடிட்டர். விஷம் கலக்கும் கையைக் குளோசப்பில் காட்ட வேண்டுமென்று தயாரிப்பாளர் முதல் நாளே ஆரம்பித்தார். "கேமராவே விரல் நீட்டிக் காட்டிட்டா ஜனங்களுக்குக் கண்ணு எதுக்கு?" என்று அம்மா மறுத்துவிட்டாள். ஒரே அகலமான ஷாட்டில் நடித்துக் கொடுத்துவிட்டு வந்தவள், மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தயாரிப்பாளர் மகளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. சாயங்காலம் செட்டைப் பிரிக்கிறாங்க. உன் கை அப்படியே அம்மா கை. அந்த மோதிரத்தைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு ஷாட்."

"அம்மா வேண்டாம்னாங்க சார்."

"அவங்க இருந்தா நானே பேசிச் சம்மதிக்க வச்சிருப்பேன்."

"இருந்தப்ப உங்களால முடியலையே."

அவர் முகம் மாறியது. "நீ இல்லேன்னா வேற கை கிடைக்கும், வேற எடிட்டரும் கிடைப்பாங்க. மோதிரத்தை மட்டும் குடு. முதல் பாதி பூரா அதைக் காட்டியிருக்கோம், மாத்தினா குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்."

அம்மா இன்னும் இந்தக் கூடத்தை விட்டே போகவில்லை, அதற்குள் அவள் கைக்கு ஆள் தேடுகிறார். அவள் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

மேஜைக்குப் பக்கத்தில், மூலை நாற்காலியில் அப்பா. காலையிலிருந்து அவர் செய்ததெல்லாம், யாரோ இழுத்துவிட்ட ஜன்னல் திரையை எழுந்துபோய்த் திறந்துவிட்டது மட்டும்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாததால் யாரும் அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. இப்போது அவர் கை மேஜைமேல், மோதிரத்தை ஒட்டி இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

தயாரிப்பாளர் மேஜைப் பக்கம் திரும்பப் போனார்.

"நில்லுங்க சார்!"

கூடம் மொத்தமும் அவளைப் பார்த்தது. அவள் கத்திக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள். அவரும் கூட்டமும் அவளோடு திரும்பின. வசனத்துக்குப் பஞ்சமில்லை. பாதி அவளுடையது, பாதி நாடகத்தில் தம்பி கத்துவது. "ஒரு செங்கல்லைக்கூட விட்டுத்தர மாட்டேன்!" என்றுகூட வந்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"சாவு வீட்டுல என்னம்மா இது?" பெரியப்பா ஓடிவந்தார். பெரியம்மா அவள் தோளைப் பிடித்தாள். தயாரிப்பாளரும் பதிலுக்குக் கத்தினார். அவள் அவருடைய கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதையும் சேர்த்தே கத்தினாள்.

கடைசியில் அவளுக்குக் குரல் கட்டிப்போனது. தயாரிப்பாளர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேஜைக்குப் போனார்.

"இங்க இருந்த மோதிரம் எங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க இங்கதானே இருந்தோம்," என்றார் பெரியப்பா. "யாரும் எடுத்த மாதிரி தெரியலையே."

ஜன்னல் வெயில் கட்டில்மேல் முழுசாக விழுந்திருந்தது. அம்மாவின் கைமேல் கசங்கிக் கிடந்த வெள்ளைத் துணியை அப்பா நிதானமாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.