தீவைத் தாண்டிப் போன படகு

பள்ளிக்கூடம் திறப்பதற்குள், சார்தீனியாவை ஒட்டியிருக்கும் சின்னத் தீவான எங்கள் ஊருக்கு வந்து சேர்வதாகத்தான் பேச்சு. என் அக்கா தெரெசீனாவும் அவள் புருஷன் பத்திஸ்தாவும் கல்யாணமான நாளிலிருந்து பாய்மரப் படகில்தான் குடித்தனம். கோடையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுவார்கள். குளிர்காலத்தில் ஏதாவதொரு துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு அவன் ஊரார் படகுகளுக்குப் பாய் தைப்பான், அவள் ஹோட்டல் சமையலறைக்குப் போவாள். மகள் ரோசால்பா நடை பழகியதே மேல்தட்டில்தான். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை பாய்மரத்தில். பத்து வயதில் அவளுக்கு நங்கூரம் போடத் தெரியும், கணவாய் மீனின் மைப்பையை உடையாமல் எடுக்கத் தெரியும். ஆனால் தன் வயதில் ஒரு சிநேகிதி கிடையாது. அக்காவை அரித்தது அதுதான்.

கரைக்கே வந்துவிடுவோம் என்று முதலில் வாய்திறந்து சொன்னவன் பத்திஸ்தா. அக்கா கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. அவனாகச் சொன்னான். மகள் தலையில் கைவைத்துச் சொன்னான். என்னோடும் போனில் பேசினான்.

"மெனிக்கா, மாடி அறையில மேஜையை ஜன்னலோரமாப் போடு. புள்ள கடலைப் பாத்துக்கிட்டே படிக்கட்டும்."

"பாடத்தைப் பாக்கட்டும்யா, கடலை இத்தனை நாள் பாத்தது போதும்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்தவன் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது என்று எப்படித் தெரியும்?

எங்கள் தீவுக்கு மேற்கே, மெனோர்கா தீவின் மாவோன் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். அங்கே மூன்று குளிர்காலம் கழித்திருந்ததால் அக்காவுக்குப் பழகிய முகங்கள் நிறைய. கிளம்புகிற அன்று காலை முழுக்க வீடுவீடாகப் போய் விடைபெற்றாள். குளிருக்கான கம்பளி, பெரிய சமையல் பாத்திரம், குளிர்காயும் சின்ன அடுப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தாள். இனி வீட்டில்தானே இருக்கப்போகிறோம்.

காற்று வடமேற்கிலிருந்து மெல்ல அடித்தது. படகு கிழக்கே போயிற்று. முதல் நாள் இருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தார்கள். மறுநாள் மாலை பத்திஸ்தா சொன்னான்: "நீ போய்ப் படு. ஊர்ல இறங்கினதும் ஒங்க சனமெல்லாம் ஒன்னைத் தூங்க விடாது. தீவு தெரிஞ்சதும் எழுப்புறேன்."

அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. யாரும் எழுப்பவில்லை. தலைவாரி, எனக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். எதிரே எங்கள் தீவின் பாறைமுனை தெரிய வேண்டும். எதிரே வெறும் தண்ணீர். திரும்பிப் பார்த்தாள். இடது தோளுக்குப் பின்னால், சார்தீனியாவின் தென்கோடி மலைகள் மங்கலாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தீவை எப்போதோ தாண்டியாயிற்று.

"எங்கே போறோம்?" என்று கேட்டாள்.

"காத்து முறுக்கிக்கிச்சு தெரெசீ. துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சிருந்தா சுவத்துல மோதியிருப்போம். அதான் தெக்கால இறக்கிட்டேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான். களைத்துத்தான் போயிருந்தான்.

அக்கா கீழே இறங்கினாள். காபிப் பாத்திரம் அடுப்பின் மேல், படுக்கப்போகும்போது அவள் வைத்த இடத்திலேயே நின்றது. பக்கத்தில் கோப்பை. கட்டிவைக்கக்கூட இல்லை. கடல் ஒரு தடவை உதறியிருந்தால் இரண்டும் தரையில் உருண்டிருக்கும்.

அப்புறம் படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நாள் பயணத்துக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கியது அவள்தான். பலகைக்கு அடியில் மாவு மூட்டை, பாஸ்தா, தக்காளி டப்பாக்கள், எண்ணெய், குடிதண்ணீர். ஒரு மாதத்துக்குக் காணும். அவள் வீடுவீடாகப் போய் அழுது விடைபெற்றுக்கொண்டிருந்த நேரத்தில் ஏற்றிய சாமான். மூட்டைகளை நனையாமல் சுற்றியிருந்த உறைகள் ரோசால்பாவுடைய பழைய மழைக்கோட்டுத் துணி. அந்த முடிச்சு மகளின் முடிச்சு. அக்கா கற்றுக்கொடுத்தது.

பலகையை மெதுவாக இறக்கி மூடினாளாம்.

மேலே வந்து மகளைக் கேட்டாள். "ரோசா, ராத்திரி காத்து பலமா அடிச்சுதா?"

பெண் குனிந்து ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அடிச்சுதும்மா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

நிமிரவில்லை.

"எப்பலேர்ந்துடி ஒனக்குத் தெரியும்?"

"விடு, புள்ளையை இழுக்காதே" என்றான் பத்திஸ்தா. "கிரீசுக்குப் போறோம். ஒரே ஒரு வருஷம். ஒன்கிட்டக் கேட்டா வேணாம்ப."

"அவகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். அவ சரின்னா."

ரோசால்பா அழ ஆரம்பித்தாள். "வீட்டுக்குப் போனா அப்பா மட்டும் படகுல தனியாப் போயிடுவாராம். நான் அப்பாவைப் பாக்கவே முடியாதாம்."

"அப்படின்னு சொன்னியா புள்ளைகிட்ட?" என்றாள் அக்கா. அவன் கடலைப் பார்த்தான். "காத்து பின்னாலேர்ந்து அடிக்குது. திரும்பிப் போறதுன்னா நாள் முழுக்க மல்லுக்கட்டணும். கொஞ்சம் சாப்பிட்டுட்டு யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது. சுக்கானை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் அவன் அவளை எவ்வளவு தெரிந்துவைத்திருந்தான் என்பதற்கு அளவு.

ஊர் போகத்தான் எதிர்க்காற்று. நேர் வடக்கே, சார்தீனியாவின் தென்கரையில் இருக்கும் தெயுலாதா துறைமுகத்துக்குப் பாயை இறுக்கிப் பிடித்தால் போய்விடலாம். அக்கா செம்படவர் வீட்டுப் பெண்.

"ரோசா, பெரிய பாயோட கயித்தை இழு."

"அப்பா தூங்கறாரும்மா."

"தூங்கட்டும். இழு."

பெண் எழுந்திருக்கவில்லை. அக்கா சுக்கானை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு தானே இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. படகு வடக்கே திரும்பிச் சாய்ந்தது. கீழே பாத்திரங்கள் கடகடவென்று உருண்டன. பத்திஸ்தா வெறுங்காலோடு ஓடிவந்தான். அவளிடமிருந்து சுக்கானைப் பிடுங்கியிருக்கலாம், பலசாலிதான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாய்மரத்தடியில் உட்கார்ந்தான்.

"எனக்குக் கரையில மூச்சு முட்டும் தெரெசீ. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதை நீ எங்கிட்டதானே சொல்லியிருக்கணும்?"

மதியம் தெயுலாதாவில் படகைக் கட்டினார்கள். அக்கா ஒரு பையும் மகளின் கையுமாக இறங்கினாள். அவன் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

எனக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் ஊர் ரவைச் சமையலான கஸ்கா செய்து, கொண்டைக்கடலையும் கோசும் கமகமக்கப் பெரிய தட்டில் மூடிவைத்துவிட்டுக் காலையிலிருந்து துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு பாயாக எண்ணி ஏமாந்தேன். கடைசியில் அவர்கள் தெயுலாதாவிலிருந்து பஸ் பிடித்துக் கரையோரமாக வந்து, சாயங்காலப் படகுச் சேவையில், ஊராரோடு ஊராராக இறங்கினார்கள். தாய் ஒரு பெஞ்சில், மகள் தூரத்தில் இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்து வந்தார்களாம்.

ரோசால்பா பள்ளிக்கூடம் போகிறாள். சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். பத்திஸ்தா குளிருக்கு முன்னால் வந்து, வெளித்துறையில் நங்கூரம் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போய் வருகிறாள். அக்கா அனுப்புகிறாள், ஆனால் அவள் திரும்பிவரும்வரை ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

அவனைக்கூட அக்கா ஓரளவு ஜீரணித்துவிட்டாள். மகளிடம்தான் முடியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்று பெண் சொல்வாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அக்கா மெதுவாகப் போய்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஒருநாள் ரோசால்பா அதைப் பார்த்துவிட்டாள். மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து டப்பாவைத் தானே திறந்து மேஜைமேல் வைத்துவிடுகிறாள்.

நேற்று மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அக்கா திடீரென்று சொன்னாள்: "நேராக் கேட்டிருந்தான்னா, ஒரு வருஷம்தானேன்னு கூடப் போயிருப்பேன்டி மெனிக்கா. ரெண்டு பேருமாச் சேந்து, நான் ஒத்துக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

நான் குழாயை மூடினேன். அவள் அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டத் தொடங்கினாள்.