சரி வேறு, ஆமா வேறு

பஸ் டிப்போவில் யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிஃப்ட் என்று போடுகிறவர் அவர். பட்டப்பெயர் 'சரி சார்'. அவரிடம் பேசப் போகிற டிரைவர் எவரானாலும் கடைசியில் "சரி சார்" என்றுதான் திரும்புவார். மரியாதையில் வைத்த பெயர் என்று மனுஷர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

அப்படியும் மேலிடத்துக்குப் புகார் போய்க்கொண்டே இருந்தது. பல இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான சமரசப் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். "எனக்கே பேசக் கத்துக்குடுக்கப் போறாங்களாம்," என்று கிளம்பும்போது மனைவியிடம் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வெளியூர்க் கிளையின் கூடத்தைப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். "அதெல்லாம் சரிப்பட்டு வராது," என்று இவர் காரணங்களை அடுக்க, அவளும் "சரி" என்றுவிட்டாள். பயிற்சிக்கு மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் பதில் சொல்லியாக வேண்டும். பேசி முடித்தாயிற்று என்று இவர் நிம்மதியாக இருந்தார்.

பயிற்சியில் ஒரு நாடகம். ஒரே அறைக்கு அடித்துக்கொள்கிற இருவராக, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டரும் வங்கிக்காரரும் நடித்தார்கள். சமரசம் செய்பவர் நம் சரி சார். மூச்சுவிடாமல் பேசி, காலையில் இவருக்கு, மதியம் அவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். இருவரும் "சரி" என்றார்கள். கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினார்.

பயிற்சி நடத்திய பெண் அந்த இருவரிடம், "மனசார ஒத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கங்க! ஆளை விட்டா போதும்னு சொன்னோம்," என்றார் பல் டாக்டர். "என் நாற்காலியில உக்கார்றவங்ககூட இப்படித் தப்பிக்கப் பார்க்க மாட்டாங்க."

அறையே சிரித்தது. சரி சாரின் முகம் தொங்கிப்போயிற்று.

"சரிங்கிறது கதவைச் சாத்துற வார்த்தை சார்," என்றாள் அந்தப் பெண். "அவங்க மனசுல இருக்கிறதை நீங்க சொல்லிக் காட்டுங்க. 'ஆமா, அதான்'னு அவங்க வாயால வர்ற வரைக்கும் உங்க யோசனையை வெளிய எடுக்காதீங்க."

வீடு திரும்பும் வழியில்தான் பட்டப்பெயரின் அர்த்தம் அவருக்கு உறைத்தது. கூடவே வீட்டில் மனைவி சொன்ன 'சரி'யும் ஞாபகம் வந்தது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தானும் ஒரு சட்டையை எடுத்தார்.

"என் மேல கோபமா இருக்கே."

"இல்ல."

"பெரிய பதவி, விட மனசில்ல."

"பதவி கிடக்கட்டும்."

தன் காரணங்களை மறுபடி அடுக்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு இன்னொரு முறை முயன்றார்.

"போக உனக்கு ஆசையான்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காமலே உன் பதிலையும் நானே சொல்லிட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆமா," என்றாள். குரல் உடைந்தது. "அதான்."

"போகணுமா?"

"போகணும்."

பழைய காரணங்களெல்லாம் தொண்டை வரை வந்து முட்டின. ஒன்றையும் வெளியே விடவில்லை. அவள் அவரையே பார்த்தாள்.

"இதானா இன்னிக்குக் கத்துக்கிட்டது? நானும் சொல்லிப் பார்க்கிறேன். தூரம், சாப்பாடுன்னு நீங்க அடுக்கினதெல்லாம் சும்மா. நான் இல்லாத வீட்ல இருக்க உங்களுக்குப் பயம்."

சரி சரி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்வார்.

"ஆமா," என்றார். கண் கலங்கிவிட்டது.

அவர் கசக்கி வைத்திருந்த சட்டையை அவள் வாங்கி உதறினாள். "ஊருக்கே ஷிஃப்ட் போடுறீங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற மாதிரி நமக்கு ஒண்ணு போட முடியாதா?"

இந்தக் கிழமை, இந்த ரயில் என்று சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"உனக்கு எந்த நாள் தோதுப்படும்? நீ முதல்ல சொல்லும்மா."