கறுப்புத் துணிக்குள் மச்சாள்

மச்சாள் பிரபாலினியை யதுசாவுக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். நன்றாகவே பிடிக்கும், தன் பிள்ளையைத் தூக்காதவரைக்கும்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் அவர்கள் குடும்பமாக ஒரு ஸ்டூடியோ நடத்தினார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் எடுத்தது போலவே கண்ணாடித் தகட்டில் படம் எடுத்துக் கொடுப்பார்கள். கணவன் சுலக்ஷனிடம் மரப்பெட்டிக் கமரா. யதுசாவிடம் வாசல் மேசையும் வாடகை உடுப்புகளும். சுலக்ஷனின் தங்கை பிரபாலினியிடம் ஒரு கறுப்புத் துணி. அந்தக் கமராவுக்கு முன்னால் எட்டு எண்ணும்வரை ஆடாமல் இருக்க வேண்டும், கைக்குழந்தை இருக்குமா? அந்தக் காலத்தில் தாய்மாரே தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு பிள்ளையைப் பிடித்திருந்தார்களாம். இந்தக் காலத்துத் தாய்மாருக்கோ தங்கள் முகமும் படத்தில் விழ வேண்டும். அதனால் அவர்கள் அலங்காரமாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் துணிக்குள் குந்தியிருந்து பிரபாலினி பிள்ளையைப் பிடிப்பாள். எப்பேர்ப்பட்ட அழுகுணியும் அவள் கையில் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும்.

யதுசாவின் மகன் கவிஷனும் அடங்கினான். அங்கேதான் வினை பிடித்தது. வாசலில் வருகிறவர்களோடு யதுசா மாரடிக்கும் நேரமெல்லாம் அவன் மாமி பிரபாலினியின் இடுப்பில். போன கிழமை ஒரு ஜெர்மன்காரி, பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று பிரபாலினியிடம் சொல்லிவிட்டுப் போனாள். பிரபாலினி மறுத்தாளா? சிரித்தாள்!

கடையின் முன் கண்ணாடியில் மாட்டப் புதுப் படம் ஒன்று தேவைப்பட்டது.

"கவிஷனை எடுப்பம். பிரபாவின்ர மடியிலதான் அவன் அசையாமல் இருப்பான்," என்றான் சுலக்ஷன்.

"பெத்தவள் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். என்ர மடியில வைச்சு எடுங்கோ. தெருவால போற சனம் ஆரின்ர பிள்ளையெண்டு பாக்கட்டும்."

எடுத்தார்கள். முதல் தகட்டில் கவிஷனுக்கு இரண்டு தலை. அடுத்ததில் தலையே இல்லை. மூன்றாவதில் கால் மட்டும் தெளிவாக விழுந்தது.

"இப்பிடி ஏலாது. பிரபா துணிக்குள்ள வரட்டும். அவள் படத்தில தெரியமாட்டாள் தானே?" என்றான் சுலக்ஷன்.

தெரியமாட்டாள் என்றதும்தான் யதுசா சம்மதித்தாள்.

பிரபாலினி யதுசா இருந்த கதிரையை ஒட்டிக் குந்தி, துணியைப் போர்த்தி, கையை மட்டும் நீட்டிப் பிள்ளையின் இடுப்பைப் பிடித்தாள். உள்ளிருந்து மெல்ல ஏதோ முனகினாள். தாயின் மடியிலிருந்த கவிஷன் சட்டென்று துணிப்பக்கம் திரும்பி, அப்படியே உறைந்துபோனான்.

"மச்சாள், கமராவைப் பாருங்கோ. அசையாதேங்கோ," என்றது துணி.

"எனக்குத் தெரியும். நீர் பிள்ளையைப் பிடியும்."

சுலக்ஷன் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. மடியில் பிள்ளை மூச்சுவிடுவது மட்டும் தெரிந்தது. என்னிடம் ஒருநாளாவது இப்படி இருந்தானா? சிரிக்கிறானோ? முகத்தையே காணாதவளைப் பார்த்துச் சிரிக்கிறானோ? பார்க்கக்கூடாது என்று யதுசா பல்லைக் கடித்தாள். ஆறு என்றபோது பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்லத் தெளிந்தது. பிள்ளையின் கண்ணிமைகூடத் தெரிந்தது. பிரபாலினியின் வளையல் தெரிந்தது. துணியின் மடிப்பெல்லாம் தெரிந்தது. யதுசாவின் கழுத்துக்கு மேலே வெறும் புகை.

"ஆர் அசைஞ்சது?"

"நான் மூச்சும் விடேல்லை அண்ணா," என்றாள் பிரபாலினி.

"நான்தான்," என்றாள் யதுசா.

"பரவாயில்லையப்பா, பிள்ளை அச்சாவாய் விழுந்திருக்கிறான்!" சுலக்ஷனுக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாளே முன் கண்ணாடியில் மாட்டிவிட்டான்.

பின்னேரம் அந்த ஜெர்மன்காரி தெருவில் நின்று படத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பிடித்திருக்கும் பிரபாலினியின் கைகளை உடனே அடையாளம் கண்டு புகழ்ந்தாள். பிறகு வாசலில் நின்ற யதுசாவிடம், பிள்ளைக்குப் பின்னால் புகையாய்த் தெரிவது யார் என்று கேட்டாள்.

"அதுதான் தாய்," என்றாள் யதுசா.