கிழியாத பைஜாமா

"தள்ளுங்க, தள்ளுங்க, பொண்ணு வந்துட்டா" என்று சித்தி கூட்டத்தை விலக்கினாள். பெட்டியில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கிற, இருபத்துநான்கு வயதான பெண்தான். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை யாருடைய சட்டைக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தையல் மெஷின்மேல் சாய்ந்துவிட்டாளாம்.

சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் உன் டான்ஸ் பேச்சுதான் பாப்பா. துணி குடுக்க வர்றவங்களையெல்லாம் உக்கார வச்சு, எம்பொண்ணு அங்க போயும் ஆடறத விடலன்னு ஒரே பெருமை."

பாப்பாவுக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. சித்தியின் கையை விலக்கிவிட்டுத் தையல் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படிக்கக் கிளம்பிய அன்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆடுவதை மட்டும் விட்டுவிடாதே. பாப்பாவும் தேடாமல் இல்லை. ஒரு வகுப்பு முழுக்க ஐந்து வயது வாண்டுகள்; பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் என்று நினைத்து அவளை வாசலிலேயே உட்காரச் சொன்னார்கள். இன்னொன்றுக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அதற்குள் தேர்வு, ஆய்வகம் என்று வந்து கழுத்தைப் பிடித்தன. ஞாயிறுதோறும் "கெடச்சுதா?" என்று அம்மா கேட்க, இல்லை இல்லை என்று சொல்லிச் சலித்துப்போய், ஒருநாள் "கெடச்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டாள். பாழாய்ப்போன பொய் ஒன்றோடு நிற்குமா? டீச்சர் எப்படி என்று அம்மா கேட்டாள். நல்லவங்கம்மா, பாவம், மூட்டு வலி என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தாள். அன்று முதல், இல்லாத அந்த டீச்சரின் மூட்டை விசாரிக்காமல் அம்மா ஒரு வாரம்கூடப் போனை வைத்ததில்லை.

அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அப்பா, நான் எந்த கிளாசுக்கும் போகல. ரெண்டு வருஷமா அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்மா."

"உங்களுக்கா?"

"அவளுக்குத்தான் முதல்ல தெரியும்."

மேசை இழுப்பறையிலிருந்து அவளுடைய பழைய பயிற்சிப் பைஜாமாவை எடுத்தார். "நீ இங்க ஆடினப்போ மாசத்துக்கு ரெண்டு தடவ இதோட நடுத்தையல் விட்டுப்போகும். போன லீவுக்கு அங்கேர்ந்து கொண்டுவந்து நீ விட்டுட்டுப் போனதைத் தைக்கலாம்னு எடுத்தா, ஒரு நூல்கூடப் பிரியல. இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, 'இவ ஆடவே இல்லைங்க'ன்னா."

"திட்டினாங்களா?"

"ரெண்டு நாள் என்கிட்டகூடப் பேசல. மூணாம் நாள் உனக்குப் போன் போட்டு டீச்சர் மூட்டு எப்படியிருக்குன்னு கேட்டா. வச்சதும் ஒரே சிரிப்பு. எப்பதான் சொல்றான்னு பாப்போம்னா."

அப்பா அளவு நோட்டைப் பிரித்து நீட்டினார். யார் யாருடையவோ கழுத்து, கை, இடுப்பு அளவுகளுக்கு நடுவே ஒரு பக்கம் முழுக்க அவள் படிக்கும் ஊரின் முகவரிகள். அம்மா ஒவ்வோர் இடமாகப் போன் போட்டு விசாரித்து, சரிப்படாததையெல்லாம் கோடு போட்டு அடித்திருந்தாள். 'சின்னப் பிள்ளைகள் மட்டும்.' 'ரொம்ப தூரம்.' 'சரியாப் பேசலை.' கடைசி முகவரியைச் சுற்றிச் துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டிருந்தாள்.

'சனி நாலு மணி. ஒரே பஸ். பாதியில் விட்டவர்களையும் சேர்ப்பார்கள். இந்த டீச்சருக்கு மூட்டு வலி இல்லை.'

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது.

"எப்ப எழுதினாங்க?"

"ரெண்டு மாசமாச்சு. நீயா வாய்தொறந்து சொன்னதும் குடுக்கணும்னு வச்சிருந்தா."

வெளியே சித்தி கூப்பிட்டாள். எடுக்க நேரமாகிவிட்டது.

சாயங்காலம் கூடம் காலியானது. அப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். பாப்பா தையல் அறைக்குப் போய்ப் பைஜாமாவைப் போட்டுக்கொண்டாள். மெஷினில் ஊசிக்கடியில் பாதி தைத்த காலர் அப்படியே நின்றது. அதன் முன்னால் குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களை அகட்டி, மெல்ல அரைமண்டிக்கு இறங்கினாள். தொடை நடுங்கியது. தையல் விடவில்லை.

இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.