இரண்டு குரல் விதி

ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணியோடு எங்கள் காகித பேஸ்பால் லீக்கில் பேரம் முடிகிறது. அதன் பிறகு நவம்பர் வரை யாரும் எந்த ஆட்டக்காரனையும் கைமாற்ற முடியாது. அந்த ஞாயிறு எனக்கு வேலை நாளாகப் போய்விட்டது. சனிக்கிழமை அடித்த புயலில் மாவட்டம் முழுக்க மரங்கள் விழுந்திருந்தன. சாலைத் துறை அலுவலகத்தில் தொலைபேசிக்கு நான் ஒருவன்தான். எந்தச் சாலையில் எந்த மரம் என்று காலை ஆறு மணியிலிருந்து கேட்டுக் கேட்டு, வண்டிகளை அனுப்பி அனுப்பி, மூன்று மணிக்கெல்லாம் என் காது என்னுடையதாகவே இல்லை.

அப்போதுதான் ஆர்ட்டி மன்கூசோ கூப்பிட்டான். குளிர்காலத்தில் எங்கள் துறையின் பனி அகற்றும் வண்டியை ஓட்டுகிறவன். லீக்கில் இரண்டாம் இடத்தில் இருந்தான். நாங்கள் மூன்றாம் இடம்.

"லேலண்ட், ப்ரூயிட்டக் குடு. கிரஹாலெஸ எடுத்துக்க. ஒருத்தனுக்கு ஒருத்தன்."

"என்னய்யா திடீர்னு? மூணு வாரமா கேட்டேன். பெத்த புள்ளையக் கேட்ட மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே."

"மனசு மாறக்கூடாதா? ஞாயித்துக்கிழமை. சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேன்."

"நீயா? கடைசியா நீ அங்க போனது கூரை ஒழுகுதான்னு பாக்க."

"வேணுமா வேணாமா? எனக்கு வேற ஆள் இருக்கு."

வெண்டெல் ப்ரூயிட்டுக்கு முப்பத்து மூன்று வயது. அந்த வருடம் முப்பத்தொரு ஹோம் ரன் அடித்திருந்தார். ஓஸ்மெல் கிரஹாலெஸ் இருபத்து மூன்று வயதுப் பந்து வீச்சாளன். அவன் வீசும் பந்து மட்டைக்கு முன்னால் ஒரு கணம் எதையோ யோசித்துவிட்டுக் கீழே இறங்கும். இருவரும் எங்கோ வெயிலில் நிஜமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்துப் பேர் அவர்களைக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொண்டு, அவர்கள் சாதிப்பதையெல்லாம் எங்கள் பெயரில் எழுதிக்கொள்கிறவர்கள். எடுத்தவனை அடுத்தடுத்த வருடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கு என் அணியில் ஆள் இருந்தது. வீசுவதற்குத்தான் இல்லை. கிரஹாலெஸ் வந்தால் இந்த வருடம் முதலிடம்.

பேரம் வந்தால் முதலில் அன்றைய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அது எங்களில் யாருக்கும் தெரிந்த பாலபாடம். இரண்டாவது தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. ஏதோ ஓடைப் பாலத்தின் மேல் ஒரு மேப்பிள் மரம். நான் பார்க்கவில்லை.

"சரி," என்றேன். "என் பாதி சரி. கொரீன் சொல்லணும்."

"சீக்கிரம் கேளு," என்றான் ஆர்ட்டி.

எங்கள் அணியின் பெயர் 'சாலை உப்பு', பனி உருகுவதற்காக எங்கள் துறை சாலையில் தூவுவது. கொரீன் வைத்த பெயர். அப்போது அவளும் இதே அலுவலகத்தில்தான் இருந்தாள். கல்யாணமான வருடம் இருவர் பெயரிலும் ஓர் அணியாகச் சேர்ந்தோம். பதினாறு வருடம். மார்ச்சில் விவாகரத்து ஆனது. வக்கீல்கள் வீட்டைப் பிரித்தார்கள், காரைப் பிரித்தார்கள், நாய் அவளோடு போனது. அணியை யாரும் நினைக்கவில்லை. லீக் விதியும் அதைப் பிரிக்க விடாது. கூட்டு அணியில் ஒருவர் விலகினால் அணி கலைந்துவிடும். ஆட்டக்காரர்கள் எல்லோரும் பொதுவில் போய்விடுவார்கள். எந்தப் பேரத்துக்கும் இருவர் குரலையும் டச் வாண்டர்மார்க் தன் காதால் கேட்க வேண்டும். டச் எங்கள் பழைய மேஸ்திரி, லீக்கின் தலைவர். எழுதி அனுப்பினால் செல்லாது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

ஏப்ரலில் கொரீனிடம் அணியைப் பற்றிக் கேட்டேன். "இந்த வருஷம் ஆடுவோம். அப்புறம் பாக்கலாம்," என்றாள். அந்த 'அப்புறம்' என்னைத் தூங்கவிடவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை யாரும் கலைக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டு, இந்த வருடமே பலன் தரும் கிழவர்களை வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஜூலையில் மட்டும் பதினான்கு முறை கூப்பிட்டேன். நடந்த பேரங்கள் மூன்று.

அன்று இரண்டாவது முறை மணி அடித்ததுமே கொரீன் எடுத்தாள். லேலண்ட் என்ற என் பெயர் அவள் வாயில் 'லீ'. பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சமையலறைக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கேன் லீ. சுருக்கமா சொல்லு."

"என்ன கலர்?"

"லீ."

"ஆர்ட்டி கிரஹாலெஸத் தர்றானாம். ப்ரூயிட்டுக்கு."

தூரிகையை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்பக் கூப்பிட்டான்?"

"இப்பத்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அஞ்சு நிமிஷமா," என்றாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "நீ சரின்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. டச்சுகிட்ட நான் பேசிடறேன்."

என் 'சரி'யை டச்சின் தொலைபேசிப் பதிவுக் கருவியில் சொல்லிவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குத் திரும்பினேன்.

மூன்றே முக்காலுக்கு டச் கூப்பிட்டார். எழுபத்தொரு வயது. எந்தச் செய்தியையும் கெட்ட செய்தி போலவே சொல்கிறவர். அதனால் முதலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எழுதிட்டேன்ப்பா. ப்ரூயிட் ஆர்ட்டிக்கு. கிரஹாலெஸ் உங்களுக்கு. பாவம்தான் நீ."

"ஏன் பெரியவரே, பொறாமையா?"

"ஆட்டத்தப் பாக்கலியா நீ?"

"ரோட்டுல மரம் எண்ணிட்டிருக்கேன்."

"மூணாவது இன்னிங்ஸ். கிரஹாலெஸ் ஒரு பந்து போட்டான். முழங்கையப் புடிச்சிக்கிட்டு யாரையும் பாக்காம உள்ள போயிட்டான். மணி மூணு இருக்கும். அது அறுவை சிகிச்சைதான்ப்பா. நடையிலயே தெரிஞ்சது."

ஆர்ட்டி சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தது எனக்குப் புரிந்தது. அந்த முழங்கையைப் பார்த்த கையோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ப்ரூயிட் போய்விட்டார். வந்தவனின் கை போய்விட்டது. மூன்றாம் இடத்திலிருந்து நாங்கள் இனி இறங்கத்தான் முடியும். அதைவிட, 'அப்புறம்' என்ற அந்தச் சொல் இன்றைக்கே வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது.

"திரும்ப எடுக்க முடியாதா?"

"சொன்னது சொன்னதுதான். உன் ஒருத்தன் குரல் மட்டும்னா கூட ஏதாவது யோசிப்பேன். கொரீன்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன். ஆட்டம் கேட்டுட்டிருக்கியாம்மான்னு கேட்டேன். கேட்டுட்டுத்தான் இருக்கேன், எழுதிக்குங்கன்னுச்சு."

அடுத்து வந்த மூன்று அழைப்புகளை என்ன பேசி முடித்தேன் என்று நினைவில்லை. ஒரு பெண்மணிக்குத் தவறான சாலைக்கு வண்டி அனுப்பிவிட்டு, மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நான்கு மணிக்குக் கொரீனைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரின்னே? கலைச்சிடணும்னா நேராவே சொல்லியிருக்கலாமே."

"யாரு கலைக்கச் சொன்னா?" அவள் குரலில் கோபமில்லை. நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்தவளின் குரல். "கை நல்லா இருந்தா ஆர்ட்டி அவன விடுவானா? இப்படி ஒடஞ்சு கெடக்கறப்பத்தான் நம்மளுக்குக் கெடைப்பான். அடுத்த வருஷமும் ஆட மாட்டான். அதுக்கடுத்த வருஷம் வருவான்."

"அதுக்கடுத்த வருஷம்," என்றேன்.

"ஆமா."

"அப்ப நீ இருப்பியா? அணியில?"

"இருப்பேன். இதோ பாரு லீ, நான் சொல்லி முடிச்சிடறேன். எனக்கு அலுத்துப்போச்சு. அணி இல்ல. போன். ஜெயிக்கப்போற அணின்னா தெனம் யாராவது வேணும், தெனம் ஒரு பேரம், தெனம் நீ கூப்பிடணும். ஜூலை முழுக்க நான் போனப் பாத்தாலே உக்காந்துடுவேன். தோத்துப்போன அணிக்குப் பேச ஒண்ணுமில்ல. வளர விட்டுட்டுச் சும்மா இருக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ பேசினா போதும்."

வெளியே மரம் அறுக்கும் இயந்திரத்தை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தகரத்தில் அடித்தது. பதினான்கு அழைப்புகளையும் நான் மனதுக்குள் திரும்பக் கேட்டேன். அவற்றில் பாதிக்கு மேல், பேரம் நடக்காது என்று தெரிந்தே செய்தவை.

"நான் அணிக்காகத்தான் கூப்பிட்டேன்," என்றேன்.

"சரி."

அவள் அதை மறுத்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு," என்றாள். "நம்ம கெழவனுங்க எல்லாரையும் வித்துடு. இந்த வருஷம் ஜெயிக்க யாருக்கு ஆசையோ அவங்களுக்கு. நமக்குச் சின்னப் பசங்க போதும்."

விற்றேன். ஐம்பது நிமிடத்தில் ஐந்து பேரம். மரங்களுக்கு நடுவே ஒரு பேரம், பேரங்களுக்கு நடுவே ஒரு மரம். ஒவ்வொன்றுக்கும் முதலில் எதிரணிக்காரர், பிறகு கொரீன், பிறகு டச். எங்கள் பேச்சில் பெயரும் வயதும் தவிர வேறொன்றும் இல்லை. இருபது. இருபத்தொன்று. பத்தொன்பது. ஆடுவதை நான் ஒருமுறைகூடப் பார்த்திராத பையன்கள், பெயர் தெரியாத சின்ன ஊர்களில், காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருப்பவர்கள். கிழவர்களில் ஒருவரை ஆர்ட்டிகூடக் கேட்டான். "உன் மேல கோவமில்லையே?" என்றான். "உன்கிட்ட நல்ல பையன் யாரு இருக்கான், அதச் சொல்லு," என்றேன். இரண்டு பேரைக் கொடுத்தான்.

"என்னப்பா இது," என்றார் டச், நான்காவது பேரத்தை எழுதும்போது. "அணியா, பள்ளிக்கூட வண்டியா? இதுல ஒருத்தனுக்கும் இன்னும் மீசை மொளைக்கல."

நான்கு ஐம்பத்தாறுக்குக் கடைசிப் பேரம். மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் முப்பத்தாறு வயது கேட்ச்சர் ஒருவருக்குப் பதிலாகப் பதினெட்டு வயதுப் பையன். கொரீனிடம் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இவன் எப்ப மேல, பெரிய டீமுக்கு வருவான்?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம் ஆகும். அஞ்சும் ஆகலாம்."

"அவ்வளவு நாளா?"

"வேணாம்னா சொல்லு. நான் இன்னும் டச்சுகிட்ட சொல்லல."

"வேணும்," என்றேன்.

"அப்ப போன வை லீ. மூணு நிமிஷந்தான் இருக்கு. நான் டச்சுகிட்ட பேசணும்."

வைத்தேன்.