மூன்றாம் மாடிப் பாலைவனத்தில் பொழுது பட்டது

1994 ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் திகதி காலை, பலேர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், மூன்றாம் மாடி வீடொன்றின் விருந்தாளி அறைக்குள் ஒரு பாலைவன நகரம் வந்து சேர்ந்தது. பதினொரு ஹோட்டல்கள், இருபத்திரண்டு நீச்சல் குளங்கள், ஒரு கோல்ஃப் மைதானம், நாற்பது ஒட்டகங்கள், பாதை நெடுகப் பேரீச்சை மரங்கள். மரங்களில் பாதி பிளாஸ்டிக். அறையின் அளவு பதினான்கு அடிக்குப் பன்னிரண்டு. கட்டிலும் அலுமாரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அலுமாரிக்கு அப்பால் நகரம் தொடங்கியது. பிறகொரு நாள் வீடு அளக்க வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அறை ஒன்று என்றே எழுதிக்கொண்டு போனார்.

இது அகஸ்ரீனாவால் வந்த வினை என்று வீட்டுக்காரி சிஞ்ஞோரா எமிலியானா சொன்னார். சரிதான். அகஸ்ரீனா மன்னாரில் பேசாலைக்காரி, முப்பத்திரண்டு வயது, இரண்டு வருடமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துச் சமைக்கிறவள். ஆபிரிக்காப் பக்கமிருந்து கடல் தாண்டிச் சூடான மண்காற்று வரும் நாட்களில் பலேர்மோக்காரர் வீட்டை இறுக்கி அடைத்துக்கொண்டு உள்ளே கிடப்பார்கள். ஷிரொக்கோ என்ற அதன் பெயரைக்கூடத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். மன்னாரில் மே மாதம் சோளகக் காற்று எழும்பினால் யன்னல்களை விரியத் திறந்து விடுவதுதான் வழக்கம். அன்று ஷிரொக்கோ வீசியது, சிஞ்ஞோரா தலைவலி என்று படுத்திருந்தார். கேட்க ஆளில்லாததால் அகஸ்ரீனா விருந்தாளி அறையின் யன்னலைத் திறந்துவிட்டு விரிப்புகளை மடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பதினோராவது ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றை எடுத்து வந்து ஒரு மணி நேரம் கூட்டிப் பார்த்தாள். முதலாவது நீச்சல் குளம் வரைதான் கூட்ட முடிந்தது.

சிஞ்ஞோரா முதலில் அலறினார். பின்னேரம் அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வெயிட்டர் வந்து தட்டில் குளிர்பானம் நீட்டிய பிறகு அலறுவதை நிறுத்தினார். அவர் ஒரு நோட்டரியின் விதவை. புருஷன் செத்த பதினொரு வருடத்தில் அந்த வீட்டுப் படியை ஏறி வந்தவர்கள் தபால்காரனும் அகஸ்ரீனாவும்தான். இப்போது ஊரே வந்தது. தெருவில் கண்டால் கண்டுகொள்ளாத மச்சாள்மார், தொப்பி போட்ட டொக்டர்மார், மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்று சிஞ்ஞோராவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார்கள். நகரம் வந்த வழியே போய்விடுமோ என்ற பயத்தில் சிஞ்ஞோரா ஒரு கட்டளை போட்டார்: அந்த அறை யன்னலின் கண்ணாடியைச் சாத்தியாயிற்று, இனி மரக்கதவுகளை யாரும் தொடக் கூடாது, கண்ணாடியைத் துடைக்கவும் கூடாது. அகஸ்ரீனா தொடவில்லை. பகலில் வெயிலும், இரவில் யன்னலுக்கு நேரே எரிந்த தெருவிளக்கும் அந்தக் கண்ணாடி வழியே விழுந்துகொண்டே இருந்தன.

ஹோட்டல்காரர்கள் ஒரு வண்ணத்தாள் அச்சடித்தார்கள். நகரத்தில் பார்க்கவும் செய்யவும் பதினெட்டு விஷயங்கள் என்று அதற்குத் தலைப்பு. ஒட்டகத்தில் ஏறி முதலாவது குளத்திலிருந்து இரண்டாவது குளத்துக்குப் போகலாம். நூறு அடி தூரம், நடந்தால் கெதியில் போய்விடலாம். கள்ளிச்செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் சேறு பூசிக்கொள்ளலாம், அதைக் கழுவ இன்னொரு இடத்துக்குப் போகலாம். வெயில் தாங்காதவர்களுக்குப் பனி கொட்டும் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் வாசலில் கம்பளிக் கோட்டு வாடகைக்குக் கொடுத்தார்கள். இருபது நிமிட பஸ் பயணத்தில் கடலும் கடற்கரையும் இருக்கிற ஊர்க்காரர்கள், மூன்று மாடி ஏறி வந்து மணலில் படுத்தார்கள். கறுத்து வரவேண்டும் என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தார்கள். அதே ஆட்கள் பஸ்ஸில் அகஸ்ரீனாவுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார்கள். தவக்காலத்திலும் கூட்டம் குறையவில்லை. யேசுநாதர் பாலைவனத்துக்குப் போய் நாற்பது நாள் பட்டினி கிடந்தவர். இவர்களுக்கு அங்கே மூன்று நேரமும் பஃபே.

தமிழ் ஆட்களையும் சும்மா சொல்லக் கூடாது. கபோ சந்தைப் பக்கம் அகஸ்ரீனா வாடகைக்கு இருந்த வீட்டிலேயே மற்ற அறையில் இருந்த பவுல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து, ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்தபடி படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான். ஊரில் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. படம் போன மூன்றாவது கிழமை பெண் வீட்டார் கடிதம் போட்டார்கள்: மாப்பிள்ளை இத்தாலி என்று சொல்லித்தானே பேசினீர்கள், ஆள் சவூதியில் ஒட்டகம் மேய்க்கிறார். இத்தாலிதான் என்று பவுல் எழுதிய ஐந்து கடிதங்களையும் யாரும் நம்பவில்லை. கலியாணம் நின்றது. ஒட்டகம் மேய்க்கிறவன் என்ற பெயர் வந்த பிறகு அந்த வேலையையே செய்தால் என்ன என்று, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு அவன் அந்த அறைக்குள்ளேயே ஒட்டகக்காரனாகச் சேர்ந்தான்.

அகஸ்ரீனா ஒரு குளத்திலும் கால் வைக்கவில்லை. அவளுடைய புருஷன் 1990 இல் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகள் றெபேக்கா மடு அகதி முகாமில், சின்னம்மா செல்வமலருடன் இருந்தாள். செல்வமலர் எழுதுகிற கடிதங்களில் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். தண்ணீர் பவுசர் வந்தது, வரவில்லை, வரிசை கோயில் மதில் வரைக்கும் நீண்டது, பிள்ளை இப்போது தானே வாளி தூக்குகிறாள், ஆளுக்கு ஒரு வாளி. அந்தக் கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அகஸ்ரீனா தினமும் முதலாவது குளத்தின் ஓரத்து மணலைக் கூட்டினாள். அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. குளத்தில் மிதந்துகொண்டு வைன் குடிக்கிறவர்களை மனதுக்குள் ஏசினாள். தமிழில் இருக்கிற ஏச்சுகள் முடிந்த பிறகு சிசிலிக்காரரின் ஏச்சுகளையும் கற்றுக்கொண்டாள்.

1995 கடைசியில் இத்தாலி அரசாங்கம் ஒரு வழி விட்டது. பத்திரம் இல்லாமல் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு, இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தால் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் பிள்ளையைக் கூப்பிடலாம். மார்ச் கடைசியோடு கதவு மூடிவிடும். அகஸ்ரீனா படிவத்தை நிரப்பிச் சிஞ்ஞோராவின் முன்னால் வைத்தாள். சிஞ்ஞோரா, தோப்போ என்றார். பிறகு என்று அர்த்தம். அவர் நாளுக்கு நாற்பது தரம் சொல்கிற வார்த்தை. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கேட்டாலும் தோப்போ, பின் கேட்டாலும் தோப்போ. ஜனவரி ஏழாம் திகதி, ஒரு மத்தியானம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லித் தொப்பியோடு அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. ஜனவரி போனது. பெப்ரவரி போனது. மார்ச் இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை, கடைசி நாள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் ஒரு மணிக்குப் பிறகு படிவம் வாங்க மாட்டார்கள். அன்று காலை ஆறு மணிக்கு அகஸ்ரீனா படிவத்தையும் பேனாவையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி அலுமாரியடியில் விட்டுவிட்டு, முதன்முதலாக முதலாவது குளத்தைத் தாண்டி நடந்தாள்.

வண்ணத்தாளில் இருந்த பதினெட்டில் பதினாறை அவள் அன்று பார்த்துத் தீர்த்தாள். சேற்றுக் குளியலில் எல்லா முகமும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பனி மண்டபத்தில் கம்பளிக் கோட்டு இல்லாமல் உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே சிஞ்ஞோரா என்று கூப்பிட்டாள், பதினைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோல்ஃப் மைதானத்தில் ஒருவன் அவளைத் தன் பந்து பொறுக்க அனுப்பினான். தவக்கால வெள்ளிக்கிழமை என்று ஒருசந்தி விரதம் இருந்தவளின் மூக்குக்குக் கீழே வெயிட்டர்கள் இறால் தட்டை நீட்டினார்கள். ஒன்பதரை மணிக்கு ஒட்டகக் கொட்டிலில் பவுலைக் கண்டாள்.

"சிஞ்ஞோராவைக் கண்டனியோ தம்பி?"

"ஓம் அக்கா. பொழுதுபடுறது பாக்கிற மேட்டிலை முன் வரிசையிலை இருக்கிறா. வந்த நாளிலையிருந்து எழும்பேல்லை."

"ஏன் எழும்பேல்லை?"

"பொழுது பட்டால்தானே எழும்புறது. இஞ்சை எங்கை பொழுது படுகுது? ரெண்டு வருசமாச் சனம் காத்துக்கொண்டு இருக்குது." பவுல் படிவத்தை எட்டிப் பார்த்தான். "அவவின்ரை கையெழுத்தை நீங்களே போட்டுக் குடுங்கோவன் அக்கா. ஆர் பாக்கப்போகினம்?"

"கள்ளக் கையெழுத்திலை என்ரை பிள்ளையைக் கூப்பிடமாட்டன். நீ ஒட்டகத்தை எடு."

பொழுதுபடும் மேடு வண்ணத்தாளில் பதினேழாவது. நானூறு பேர் சாய்நாற்காலிகளில், கையில் சின்னக் காகிதக் குடை செருகிய கோப்பையோடு, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சூரியன் வானத்தின் ஓரத்துக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நின்றது. சிஞ்ஞோரா எமிலியானா நன்றாகக் கறுத்திருந்தார். நேரம் என்ன என்று கேட்டதற்கு, மத்தியானம் வந்தேன், இன்னும் பின்னேரம் ஆகவில்லை என்றார். அவருக்கு அது இன்னும் ஜனவரி ஏழாம் திகதிதான். அகஸ்ரீனா படிவத்தை மடியில் வைத்தாள். "பொழுது படட்டும்," என்றார் சிஞ்ஞோரா. "சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன். வெயில் நேரத்தில் நான் பேப்பரைத் தொடுவதில்லை. தோப்போ, அகஸ்ரீனா, தோப்போ."

அகஸ்ரீனாவுக்கு அழுகை வந்தது. இவர்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபோது சூரியனை நேரே பார்த்தாள். அதற்கு நான்கு மூலை இருந்தது. நடுவில் சிலுவையாக ஒரு சட்டம். இடது பக்கம் கீழே, புறா எச்சம் பட்ட ஒரு கறை. இரண்டு வருடமாகத் துடைக்கவிடாமல் வைத்திருந்த அந்தக் கறையை அவளுக்குத் தெரியாதா? நகரத்தில் பதினொரு மனேஜர்கள் இருந்தார்கள். சூரியன் மறையாதது ஏன் என்று ஆராய ரோமிலிருந்து நிபுணர்களைக்கூட வரவழைத்திருந்தார்கள். ஒருவராவது வாழ்க்கையில் ஒரு யன்னலைத் துடைத்தவர் இல்லை.

சிஞ்ஞோராவைப் பத்திரமாகக் கூட்டிவரும்படி பவுலிடம் சொல்லிவிட்டு, இன்னொரு ஒட்டகத்தில் ஏறித் திரும்பினாள். நேரம் பதினொன்றரை. முதலில் சாப்பாட்டு அறை, கூடம், நடைபாதை என்று வீட்டின் மற்ற யன்னல்களையெல்லாம் அடைத்தாள். மேசை விளக்கை ஏற்றினாள். சூப்பை அடுப்பில் வைத்தாள். பிறகு விருந்தாளி அறைக்குப் போய், மரக்கதவுகள் இரண்டையும் மெதுவாக, ஒரு சாணாக, ஒரு விரலாகச் சாத்தினாள். நகரத்தின் வானம் செம்மஞ்சளாகி, சிவப்பாகி, ஊதாவாகிக் கறுத்தது. நானூறு பேரும் எழுந்து நின்று கை தட்டுவது சமையலறை வரைக்கும் கேட்டது.

பதினைந்து நிமிடத்தில் சிஞ்ஞோரா ஒட்டகத்திலிருந்து இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தார். நத்தார்க் குடிலை ஏன் அதற்குள் எடுத்துவிட்டாய் என்று மட்டும் கேட்டார். சூப்பைக் குடித்தார், உப்புக் காணாது என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்து வைத்தார், நல்லிரவு சொல்லிப் படுக்கப் போனார். அப்போது மத்தியானம் பன்னிரண்டு பத்து. அகஸ்ரீனா பஸ்ஸுக்கு நிற்காமல் ஓடினாள். குவெஸ்தூராவில் அன்று வாங்கிய கடைசிப் படிவத்துக்கு முந்திய படிவம் அவளுடையது. அதன் மடிப்புகளிலிருந்து கொட்டிய மணலை மேசைக்காரர் கையால் தட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

அதன் பிறகு பொழுது படுவதுதான் நகரத்தின் முதல் விஷயமானது. வண்ணத்தாளைத் திருத்தி அச்சடித்தார்கள்: சூரிய அஸ்தமனம் பின்னேரம் ஐந்து மணி, வியாழன் பின்னேரமும் ஞாயிறும் கிடையாது. அகஸ்ரீனாவுக்கு வேலை முடிகிற நேரமும் லீவு நாட்களும் அவை. பெர்மெஸ்ஸோ கைக்கு வர எட்டு மாதம் ஆனது, பிள்ளையைக் கூப்பிடும் அனுமதிக்கு இன்னும் ஒன்றரை வருடம். 1998 ஜூன் மாதம் றெபேக்கா வந்து இறங்கினாள். பதினொரு வயது. ஐந்து வயதில் விட்டு வந்த தாயை அவள் அம்மா என்று கூப்பிடவே இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் அகஸ்ரீனா அவளை வேலைக்குக் கூட்டி வந்து, அலுமாரியைத் தாண்டி முதலாவது குளத்தைக் காட்டினாள். பிள்ளை நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கமும் தேடினாள்.

"அம்மா, வரிசை எங்கை?"

"வரிசை இல்லை. இறங்கிக் குளி."

"இறங்கினால் ஏசுவினம். சனம் அள்ளுற தண்ணியெல்லோ."

அகஸ்ரீனா சமையலறைக்குப் போய்ப் பாஸ்தா அவிக்கிற பெரிய சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். றெபேக்கா குளத்தின் ஓரத்தில் நின்றபடியே மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாள். முதலில் அரைச் சட்டி, பிறகு முக்கால் சட்டி, பிறகு தளும்பத் தளும்ப. நாற்காலிகளில் எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தவர்கள் தலையைத் தூக்கி முகத்தைச் சுளித்தார்கள். அகஸ்ரீனா இடுப்பில் கை வைத்து அவர்களைப் பார்த்த பார்வையில் திரும்பக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். பிள்ளை சிரிக்கத் தொடங்கியிருந்தாள். ஐந்து மணி அடித்தது. மேட்டில் நானூறு பேரும் உட்கார்ந்து முடித்திருந்தார்கள். ஐந்தரை ஆனது, ஆறரை ஆனது. ஏழு மணிக்குப் பதினொரு ஹோட்டல்களின் சார்பில் ஒரு மனேஜர் கழுத்துப்பட்டியோடு வந்து, அலுமாரியருகே நின்று, இன்றைக்குப் பொழுது எப்போது படும் என்று மரியாதையாகக் கேட்டார்.

தோப்போ என்றாள் அகஸ்ரீனா. அன்று அந்த நகரத்தில் பொழுது எட்டேகாலுக்குப் பட்டது.